வீட்டு ஜெனரேட்டரின் மைலேஜ்: நான்கு அமைப்புகள், ஒரே கணக்கு

வண்டி வாங்கும்போது முதல் கேள்வியே மைலேஜ்தான். ஜெனரேட்டர் வாங்கப் போனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "எத்தனை கே.வி.ஏ.?" (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து வரும் திறன் அளவு) என்று கேட்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்து வந்துவிடுகிறார்கள். எரிபொருள் வீணாவதும் மின்சாரம் கையைக் கடிப்பதும் அந்த "எதற்கும் இருக்கட்டும்" என்ற இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஜெனரேட்டரின் மைலேஜ் என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் அளவுக்கு வெப்ப ஆற்றல் இருக்கிறது. அதில் 1.5 யூனிட் மின்சாரமாக வெளியே வந்தாலே சிறிய பெட்ரோல் ஜெனரேட்டருக்கு அது நல்ல மதிப்பெண். மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகவும் இன்ஜின் சூடாகவும் போய்விடும். எரிபொருளே இல்லாமல் தானே சுழன்று வீட்டுக்கே மின்சாரம் தருவதாக வரும் வீடியோக்களின் மைலேஜ் கணக்கு எளிது: பூஜ்யம். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

இங்கே பார்க்கப்போவது நான்கு அமைப்புகள்: கூண்டு பிரேமில் வரும் சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், டீசல் ஜெனரேட்டர், சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரோடு லித்தியம் பேட்டரி சேர்த்த கூட்டு அமைப்பு.

முதலில் வீட்டு லோடு

கடைக்காரர் நீட்டும் "ஃபேன் 4, லைட் 6, டிவி 1" அட்டவணையை நம்பி லோடு கணக்குப் போடாதீர்கள். வீட்டு மீட்டரிலேயே அளந்துவிடலாம். டிஜிட்டல் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சடித்திருப்பார்கள். 3200 என்று இருந்தால், பத்து மின்னலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 45 விநாடி ஆனால் அந்த நேரத்து லோடு 250 வாட். சூத்திரம் இதுதான்: மின்னல் எண்ணிக்கையை 36 லட்சத்தால் பெருக்கி, மீட்டர் எண்ணாலும் விநாடியாலும் வகுக்க வேண்டும். காலை, மதியம், இரவு பத்து மணி, விடியற்காலை என நான்கு வேளை எடுத்தால் வீட்டின் உண்மை முகம் தெரிந்துவிடும். 5 கே.வி.ஏ. வேண்டும் என்று நினைத்திருந்த வீடு இரவு முழுக்க 200, 300 வாட்டில் ஓடிக்கொண்டிருப்பதைப் பலர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள்.

அடுத்தது ஸ்டார்ட்டிங் கரன்ட், அதாவது மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம். 1 ஹெச்.பி. ஒற்றை ஃபேஸ் பம்ப் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான் இழுக்கும். சுவிட்ச் போட்ட முதல் கணத்தில் அதைப் போல ஐந்து மடங்கு, சமயத்தில் அதற்கும் மேல். 230 வோல்ட்டில் 28 ஆம்பியர் என்றால் 6 கே.வி.ஏ.க்கு மேல் வந்துவிடும். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டரில் இதைப் போட்டால் இன்ஜின் திணறும், வோல்டேஜ் சரியும், மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கும், வைண்டிங் சூடேறும். அந்த உறுமல் இரண்டு, மூன்று விநாடியைத் தாண்டினால் சுவிட்சை அணைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பல வீடுகளில் ஜெனரேட்டரின் சைஸைத் தீர்மானிப்பது இந்த ஒற்றை பம்ப்தான். நாளுக்கு அரை மணி நேரம் ஓடும் பம்புக்காக மற்ற நேரமெல்லாம் பெரிய இன்ஜினைக் காலியாக ஓட்டுவது வீண். கரன்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பிக்கொள்ள முடிந்தால் பம்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முடியாது என்றால் மூன்று ஃபேஸ் மோட்டாரும், ஒற்றை ஃபேஸ் வாங்கி மூன்று ஃபேஸ் கொடுக்கும் விஎஃப்டியும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) போடலாம். அது மோட்டாரை மெதுவாக வேகம் ஏற்றுவதால் அந்த முதல் கணத்து இழுப்பு இருக்காது. இன்வெர்ட்டர் ஏசிக்கும் இதே குணம் உண்டு. பழைய வகை ஏசிக்குக் கிடையாது.

கூண்டு பிரேம் பெட்ரோல் ஜெனரேட்டர்

சுமார் 200 சிசி இன்ஜின், வோல்டேஜை நிலையாக வைக்கும் ஏவிஆர், பெரிய டேங்க், சக்கரம். கைக்கு அடக்கமானது, எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டிவிடுவார். குறை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும், மின்சாரம் தரும் பகுதி) நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே ஆக வேண்டும் (60 ஹெர்ட்ஸ் என்றால் 3600). ஒரு பல்பு எரிந்தாலும் அதே வேகம், முழு லோடிலும் அதே வேகம். அதனால் முழு லோடில் லிட்டருக்கு 1.5 யூனிட்டுக்குப் பக்கத்தில் தரும் இயந்திரம், கால் லோடில் ஒரு யூனிட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

இன்னொரு தொல்லை, அது தரும் மின்சாரத்தின் தரம். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இயந்திர வகை என்பதால் லோடு இல்லாதபோது 52 ஹெர்ட்ஸ் வரை ஏறும், லோடு ஏறினால் 49க்கு இறங்கும். அலைவடிவமும் கோணல். ஃபேனுக்கும் ஹீட்டருக்கும் கவலையில்லை. யுபிஎஸ்தான் இதை ஏற்காமல் "டிக் டிக்" என்று மாறி மாறி பேட்டரிக்குத் தாவும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், யுபிஎஸ் பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும். வெல்டிங், கட்டட வேலை, பம்ப் மட்டும் என்றால் வாங்கலாம். இரவெல்லாம் வீட்டை ஓட்ட இது வேண்டாம்.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்

இதில் இன்ஜின் வேகத்துக்கும் வெளியே வரும் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து வருவதை டிசி ஆக்கி, எலக்ட்ரானிக் பலகை மறுபடி சுத்தமான ஏசி ஆக்கிக் கொடுக்கிறது. லோடு குறைந்தால் இன்ஜினும் மெதுவாகச் சுற்றும். ஈகோ சுவிட்சின் வேலை அதுதான்.

ஹோண்டா இயு2200ஐ இந்த வகுப்பின் அளவுகோல் என்று சொல்லலாம். 121 சிசி இன்ஜின், தொடர்ந்து 1800 வாட், உச்சம் 2200 வாட், 3.6 லிட்டர் டேங்க், 21 கிலோ சொச்சம் எடை. கம்பெனி கொடுக்கும் ஓட்ட நேரம் முழு லோடில் 3.2 மணி, கால் லோடில் 8.1 மணி. கால் லோடில் எட்டு மணி நேரம் என்றதும் எல்லோரும் மயங்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் படம் மாறுகிறது. முழு லோடில் 1800 வாட்டை 3.2 மணி நேரத்தால் பெருக்கினால் 5.76 யூனிட், அதாவது லிட்டருக்கு 1.6. கால் லோடில் 450 வாட், 8.1 மணி, 3.6 யூனிட், அதாவது லிட்டருக்கு ஒன்றே ஒன்று. மணிக்கணக்கு கூடியது, மைலேஜ் குறைந்தது. யமஹா இஎஃப்2000ஐஎஸ்ஸின் கணக்கையும் பாருங்கள்: 79 சிசி, 4.2 லிட்டர் டேங்க், கால் லோடில் 10.5 மணி. அங்கேயும் லிட்டருக்கு அதே ஒரு யூனிட்தான். பிராண்டு மாறினாலும் இயற்பியல் மாறவில்லை.

ஹோண்டாவின் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இழுத்தால் இன்னொன்றும் தெரியும். எந்த லோடும் இல்லாமல் சும்மா ஓடுவதற்கே மணிக்கு 0.2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் குடிக்கும். அதன்மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரை லிட்டர். சும்மா ஓடும் செலவுதான் மைலேஜைத் தின்கிறது.

இருந்தாலும் நேரடியாக ஓட்டுவதற்கு இந்த நால்வரில் முதலிடம் இதற்கே. சத்தம் குறைவு, அலைவடிவம் சுத்தம், யுபிஎஸ் முரண்டு பிடிக்காது. 3.5 கிலோவாட் தேவைப்படும் வீட்டுக்கு ஒரு பெரிய மெஷினைவிட இணைப்பு கேபிளோடு இரண்டு சிறியவை மேல். பகலில் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம், இரவில் ஒன்று போதும், ஒன்று படுத்துவிட்டால் மற்றது இருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். குறை என்னவென்றால், எலக்ட்ரானிக் பலகை போனால் பெரும்பாலும் முழுதாக மாற்றுவதுதான் வழி. பலகை பிசினில் மூழ்கி இருக்கும், பக்கத்துக் கடையில் சால்டரிங் பண்ணிச் சரிசெய்ய முடியாது.

டீசல்

மைலேஜில் டீசலை அடிக்க ஆளில்லை. நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும், தண்ணீர் குளிரூட்டும் இன்ஜின் முக்கால் லோடில் லிட்டருக்கு 3 யூனிட் வரை தரும். 3000 சுற்றில் ஓடும் சிறிய ஏர்கூல்டு டீசல் 2.5 அளவில் நிற்கும். ஆனால் டீசல் இன்ஜின் லோடு கேட்கும் பிராணி. 30 சதவீதத்துக்குக் கீழே நாள்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் போதிய சூடு ஏறாது, எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் கறுப்புக் கூழாகச் சேரும், சைலன்சர் ஜாயின்ட்டில் எண்ணெய் வழிவதுபோல் கசியும். ஆயில் கசிவு என்று நினைத்து கேஸ்கெட் மாற்றுவார்கள், நோய் அதுவல்ல. முக்கால் லோடில் இரண்டு, மூன்று மணி நேரம் ஓட்டினால் ஆரம்ப நிலையில் இருப்பது எரிந்து போகும். முற்றிவிட்டால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

எனவே 250 வாட் வீட்டுக்கு 7.5 கே.வி.ஏ. டீசல் என்பது பொருந்தாத கல்யாணம். தினமும் பல மணி நேரம் 2 கிலோவாட்டுக்கு மேல் லோடு இருக்கும் பெரிய வீடு, கிணற்று மோட்டாரோடு தோட்ட வீடு என்றால் 1500 சுற்று டீசலைத் தாராளமாக வாங்கலாம். சிறிய மெஷினில் "சைலன்ட்" என்று எழுதியிருப்பதை மட்டும் எழுத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 7 மீட்டரில் எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். தூரம் சொல்லாத டெசிபலுக்கு அர்த்தம் இல்லை.

எரிவாயுவில் ஓடுபவை சுத்தமாக ஓடும், கார்புரேட்டர் அடைப்புத் தொல்லை இல்லை. ஆனால் அதே இன்ஜின் எல்பிஜியில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதம் அளவுக்குக் குறைவான சக்திதான் தரும், குழாய் வாயுவில் இன்னும் குறையும். குழாய் இணைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் யோசிக்கலாம்.

சிறிய ஜெனரேட்டரும் லித்தியம் பேட்டரியும்

ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் நல்ல லோடில் ஓட்டி பேட்டரியை நிரப்பு, பிறகு அணைத்துவிட்டு பேட்டரியில் வீட்டை ஓட்டு. யோசனை இவ்வளவுதான். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 5 யூனிட் நிற்கும். சார்ஜர், பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றிலும் நடக்கும் இழப்பைச் சேர்த்தால் போட்டதில் 82 சதவீதம் போலத் திரும்ப வரும்.

இரவு லோடு 250 வாட், எட்டு மணி நேரம் என்று வைப்போம். தேவை 2 யூனிட். இயு2200ஐயை நேரடியாக ஓட்டினால் அந்த லோடில் சுமார் 2.75 லிட்டர். பேட்டரி வழியாக என்றால் 2.44 யூனிட் போட வேண்டும். 1500 வாட்டில் ஒரு மணி நாற்பது நிமிடம் ஓடினால் முடிந்தது, செலவு 1.6 லிட்டர். இன்ஜின் ஓடும் நேரம் ஐந்தில் ஒரு பங்கு. ஆயில் 100 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால், நேரடியாக ஓட்டும் வீட்டில் 12 நாளுக்கு ஒருமுறை, இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தூக்கம் தனி லாபம்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இது மிச்சம் பிடிக்காது. இரவு லோடு 450 வாட் என்றால் 3.6 லிட்டருக்குப் பதில் 2.85 லிட்டர், மிச்சம் குறைந்துவிட்டது. 750 வாட்டை நெருங்கும்போது இரண்டும் சமம். அதற்கு மேல் நிலையான லோடு இருக்கும் வீட்டில் பேட்டரி பெட்ரோலை மிச்சப்படுத்தாது, சத்தத்தையும் இன்ஜின் தேய்மானத்தையும்தான் குறைக்கும். இரவெல்லாம் ஏசி ஓடும் வீடு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுக்கட்டும்.

அமைக்கும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று சார்ஜர். 54 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்று செட் செய்தால் ஜெனரேட்டரில் இழுப்பது 1450 வாட் வரும். 1800க்குள்தானே என்று பார்த்தால் ஓவர்லோடு விளக்கு எரிகிறது. காரணம், பவர் ஃபேக்டர் (இழுக்கும் விஏவில் எத்தனை பங்கு வாட் என்ற விகிதம்) திருத்தம் இல்லாத மலிவு சார்ஜர். 0.65 பவர் ஃபேக்டரில் அதே 1450 வாட்டுக்கு 2200 விஏ ஆகிவிடும். பிஎஃப்சி (அந்தத் திருத்தம்) உள்ள சார்ஜர் அல்லது சார்ஜரும் இன்வெர்ட்டரும் ஒன்றாக உள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் மெனுவில் ஜெனரேட்டர் சார்ஜிங் கரன்ட் தனியாக இருக்கும். 15 ஆம்பியரில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, ஜெனரேட்டர் 80 சதவீத லோடில் நிலையாக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள்.

மற்றொன்று, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டியூபுலர் (ஈய அமில) பேட்டரியையே வைத்து இதைச் செய்யப் பார்ப்பது. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு சேர்ந்தால் காகிதத்தில் 3.6 யூனிட். ஆயுள் வேண்டுமென்றால் பாதிதான் எடுக்கலாம். 15 முதல் 30 ஆம்பியருக்கு மேல் வேகமாக ஏற்றவும் முடியாது, கடைசி 20 சதவீதம் நிரம்ப மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இழுக்கும். ஜெனரேட்டர் மறுபடி கால் லோடிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எதைத் தவிர்க்க வந்தோமோ அதுவே.

நான்கில் சாதாரண வீட்டுக்கு எதை எடுக்கலாம் என்று கேட்டால், இந்தக் கூட்டு அமைப்புதான். பின்னால் சோலார் பேனல் சேர்த்தால் அதே பேட்டரி, அதே இன்வெர்ட்டர் பயன்படும். ஜெனரேட்டர் மழைநாள் உதவியாளாக ஒதுங்கிக்கொள்ளும்.

வயரிங்

இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை ஏதோ ஒரு சாக்கெட்டில் செருகி வீட்டுக்கு ஏற்றும் வழக்கம் ஆளைக் கொல்லும். மெயினை அணைக்க மறந்தால் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய், அங்கே வேலை செய்பவர் மேல் பாயும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம்.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் அடிக்கடி வரும் குழப்பம் இது: டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரியும். மெஷின் கெட்டுப்போகவில்லை. நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதப்பதால் இரண்டு முனையும் பாதி வோல்டேஜில் நிற்கிறது. ஆனால் இந்த நிலையில் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேலை செய்யாது, கசிவு வந்தாலும் விழாது. சேஞ்ச்ஓவரின் ஜெனரேட்டர் பக்கத்தில் நியூட்ரலை எர்த்தோடு ஓர் இணைப்புக் கம்பியால் சேர்த்துவிட்டால் சரியாகும். அந்த இணைப்பு ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். சில மெஷின்களில் உள்ளேயே சேர்த்திருப்பார்கள், அங்கே இரண்டாவது வேண்டாம். மல்டிமீட்டரோடு வரும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், டெஸ்டர் மட்டும் வைத்திருப்பவரிடம் வேண்டாம்.

ஒயர் 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. 1.5 போட்டால் விளக்குக்குத் தெரியாது. மோட்டார் 28 ஆம்பியர் இழுக்கும் அந்தக் கணத்தில் ஒயரிலேயே 13 வோல்ட் போய்விடும், மோட்டார் கிளம்பத் திணறலாம்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கராஜ், பால்கனி, ஜன்னலடி எதிலும் வைக்காதீர்கள். கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் வாய் வெளிப்பக்கம் பார்க்கட்டும். மழைக்கு மேலே கூரை மட்டும் போதும், நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். படுக்கையறையில் ஓர் அலாரம் வையுங்கள்.

எங்கே படுக்கும்

இரண்டு மாதம் சும்மா கிடந்த பெட்ரோல் ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்றால் பத்தில் எட்டு முறை கார்புரேட்டர்தான். பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பைலட் ஜெட் துளையை அடைத்துவிடும். சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நின்றுவிடும். இதுதான் அடையாளம். நிறுத்தும்போது பெட்ரோல் வால்வை மூடிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், டேங்கில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம்.

அவசரத்துக்கென்று சும்மா நிற்கும் டீசல் ஜெனரேட்டரில் முதலில் சாவது ஸ்டார்ட்டிங் பேட்டரி. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருக்கும் சிறிய டிரிக்கிள் சார்ஜர் நிரந்தரமாக இருக்கட்டும். எந்த வகையானாலும் மாதம் ஒருமுறை 20 நிமிடம் பாதி லோடில் ஓட்டுங்கள். லோடு இல்லாமல் ஓட்டுவது கணக்கில் சேராது. புது இன்ஜினின் முதல் ஆயில் 20 மணியில் மாற்றப்பட வேண்டும். தேய்ந்த உலோகத்தூள் அதில்தான் வரும். ஆயில் குறைந்தால் நின்றுவிடும் சென்சார் இருப்பதால், சரிவான தரையில் வைத்தாலும் சில மெஷின் கிளம்பாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் முன் தரையைப் பாருங்கள்.

வாங்கி வந்த அன்றே மைலேஜை நீங்களே எடுத்துவிடலாம். டேங்கைக் கழுத்தின் அடி விளிம்புவரை நிரப்புங்கள். 1000 வாட் ஹீட்டரை மட்டும் மாட்டி, இடையில் பிளக் மீட்டர் ஒன்றை வைத்து, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அணைத்து நன்றாக ஆறியபின் அளவு ஜாடியால் அதே விளிம்புவரை மறுபடி ஊற்றுங்கள். மீட்டர் காட்டும் யூனிட்டை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். அதே நேரத்தில் லோடு இல்லாமல், பாதி லோடில், முழு லோடில் வோல்டேஜும் ஹெர்ட்ஸும் என்ன என்று ஒரு சீட்டில் எழுதி டேங்க் அடியில் ஒட்டிவையுங்கள். வாரண்டி முடிவதற்கு முன் இன்னொரு முறை எடுத்து, இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.